மிஞ்சிய புளியமுத்து

கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் பதினேழு நிறுத்தங்கள். அந்தச் சனிக்கிழமை காலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஐம்பத்தேழு பெயர்கள். ஐம்பத்தெட்டு இருந்திருக்க வேண்டும். நான் எழுதாமல் விட்டது என் பெயரை.

எங்கள் குலசாமிக்குப் பங்குனியில் கொடைத் திருவிழா. அதற்கு முன்னால் கோயில் வேப்பமரத்தடியில் தலைக்கட்டுக் கணக்கு எடுப்பார்கள். கலியாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பெயர் வாசிக்கப்பட்டவன் பங்காளி. நல்லது கெட்டதில் முன்னால் நிற்பான். வாசிக்கப்படாதவன் விருந்தாளி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்ததால் இருபத்தொன்பது வருஷமாகப் பட்டியலை எழுதி வாசிப்பவன் நான்தான். என் பெயரைக் கடைசியாக வாசிப்பது வழக்கம்.

ஆறு மாதத்துக்கு முன்னால், நான் குடியிருக்கும் கோவில்பட்டியில் ஞானஸ்நானம் பெற்றிருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தினமும் வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். மரியாதைக்குச் சரி என்றேன். உடம்பு குணமாக வேண்டும் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இவிய உம்ம பிள்ளை. அது இவியளுக்குத் தெரியணும்."

அறுபத்தெட்டு வயதுவரை நான் இன்னாருடைய மகன், இன்னாருடைய தம்பி, இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒவ்வொன்றும் யாரோ போட்ட கணக்கில் ஓர் எண். வாத்தியார் என்பது ஓய்வோடு போயிற்று. கணவன் என்பது மனைவியோடு போயிற்று. மிச்சம் என்ன என்று கட்டிலில் படுத்துக் கழித்துப் பார்த்தபோது பூஜ்யம்தான் வந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் எதைக் கழித்தாலும் அப்படியே நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு நானாகத்தான் அவரோடு சபைக்குப் போனேன்.

ஆனால் ஊரில் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் நாளில் திருநீறு பூசிக்கொள்வேன். திரும்பும் பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் துடைப்பேன். இப்படி ஏழு தடவை. துடைத்தது யாரை, துடைத்தபின் இருப்பது யார் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பயம் அண்ணனைப் பற்றித்தான். எனக்கு நான்கு வயது மூத்தவர். அவர் எட்டாவதோடு நின்று பருத்திக் காட்டில் இறங்கியதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். யார் மூலமோ கேள்விப்பட்டு, கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் கோவில்பட்டிக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"நீ ஞாயித்துக்கிழமை எங்கன போற, எங்கன வாரன்னு நான் கேக்கல. மரத்தடியில உன் பேரு வாசிக்கணும். வாசிக்கலன்னா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. சொல்லிட்டேன்."

நான் ஒரு கோழையின் வழியைக் கண்டுபிடித்தேன். பெயரை எழுதவும் வேண்டாம், இல்லை என்று சொல்லவும் வேண்டாம். வேகமாக வாசித்துவிட்டு நோட்டை மூடிவிடலாம். இடைஞ்சல் ஒன்றே ஒன்று: புளியமுத்து, அதாவது புளியங்கொட்டை. படித்தவன் வாசிப்பதை அப்படியே நம்பக் கூடாது என்று எங்கள் முன்னோர் வைத்த ஏற்பாடு அது. போன வருஷக் கணக்கின்படி புளியமுத்துக்களை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பார்கள். இறந்தவருக்கு ஒன்றை எடுத்து, புதுமாப்பிள்ளைக்கு ஒன்றைச் சேர்த்து, பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாகத் தட்டில் போடுவார் எங்கள் சித்தப்பா முறைக்காரர் ஒருவர். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அவருடைய தவறு என்று விட்டுவிடுவார்கள். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், ஒரு கிழவர் தப்பாக எண்ணுவார் என்று நம்பிப் போனேன்.

பத்தரைக்கு வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணன் முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது பெயர் அவருடையது. "இருக்கேன்" என்றார், என் முகத்தைப் பார்த்தபடி. இருபது, முப்பது, நாற்பது. முத்து தட்டில் விழும் சத்தம் என் காதுக்குள் விழுந்தது. ஐம்பத்தேழாவது பெயரை வாசித்து நோட்டை மூடினேன்.

கணக்கு முடிந்ததும் உதறும் துணியைச் சித்தப்பா உதறவில்லை. கண்ணை மூடியபடி விரலால் தடவினார்.

"வாத்தியாரே, ஒண்ணு மிஞ்சுதே."

"கண்ணு தெரியாம கூடப் போட்டிருப்பீரு," என்றான் பின்னால் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

"ஏலே, எண்ணுதது கண்ணா, கையா? நேத்து மூணு தடவ எண்ணி முடிஞ்சேன். ஒரு ஆளு வாசிக்கல. யாருடே அது?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் திரும்பவே இல்லை. 

"தன் பேர வாசிக்க மறந்திருப்பான். வயசாயிட்டுல்லா," என்றார் அண்ணன் மெதுவாக. "அந்த முத்தப் போடுங்க, சித்தப்பா."

கிழவர் கை தட்டுக்கு மேல் வந்தது. நான் வாய் திறக்காமல் இருந்தாலே போதும்.

"போடாதீங்க, சித்தப்பா. மறக்கல. நான் கிறிஸ்தவன் ஆயிட்டேன். ஆறு மாசமாச்சு."

யாரோ பின்னாலிருந்து, "பென்ஷன் பத்தலையோ?" என்றான். இன்னொருவன் அவனை அதட்டினான். அண்ணன் எழுந்து நின்றார்.

"அவன் தலைக்கட்டு வேண்டாம். பொண்டாட்டி இல்லாத ஆளு, எங்கூடத்தான் இருக்கான்னு வையுங்க. என் தலைக்கட்டுக்குள்ள அவனச் சேத்துக்கிடுதேன். வருசா வருசம் நான் நின்னுக்கிடுதேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எட்டாவதோடு நின்றவர் மறுபடியும் எனக்காக ஒன்றை விட்டுக்கொடுக்க எழுந்து நின்றார். வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"வேண்டாம் அண்ணே. நான் வேற ஒருத்தரோட பிள்ளை. அத ஒளிச்சு வைக்க முடியல."

"நம்ம அப்பாவுக்கு இல்லையாலே நீ?"

"அப்பாவுக்கும்தான். அது எப்பவும் மாறாது."

அண்ணன் உட்கார்ந்தார். சித்தப்பா அந்த முத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஐம்பத்தேழு" என்றார். நோட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. அதுவும் வலித்தது.

மத்தியான பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நிழற்குடைக்கு எதிரே பருத்தி பிடுங்கிய கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஜெபம் பண்ணப் பார்த்தேன். அண்ணன் என்ற சொல்லைத் தாண்டி வேறு வார்த்தை வரவில்லை.

அண்ணன் மனைவி, என் மதினி, ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தார்.

"அவிய குடுத்துவிடல, கொழுந்தனாரே. நானாத்தான் கொண்டாந்தேன்."

"அண்ணன் எங்க?"

"அடுப்படியில உக்காந்து அழுதாவ. நாப்பத்தஞ்சு வருசத்துல நான் பாத்ததில்ல." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "முத்து இன்னும் சித்தப்பா கையிலதான் இருக்கு. நான் போயி ஒரு வார்த்தை சொல்லட்டுமா? வாய்க்குச் சொன்னாப் போதும். மனசுல நீங்க யாராயிருந்தா யாருக்கு என்ன?"

"எனக்கு, மதினி."

மோரைக் குடித்துச் செம்பை நீட்டினேன். மதினி வாங்கிக்கொண்டார்.

"சாப்பிடாம மாத்திரை போட்டுறாதீய," என்று சொல்லிவிட்டு, அண்ணன் இருக்கும் வீட்டைப் பார்த்து வெயிலில் நடந்தார்.