ஸ்கேனுக்கு முன் ஒரு மைசூர் பாக்

போன வாரம் என் இதயத்தைப் படம் எடுத்தார்கள். குறுக்கே வந்து நின்றது என் கல்லீரல்... பளபளவென்று!

விஷயம் இதுதான். நடந்தால் மூச்சு வாங்குகிறதே என்று சி.டி. எடுத்ததில், ஒரு ரத்தக் குழாயில் அடைப்பு என்று வந்தது. "அடைப்பு இருக்கு சார். அதுக்குக் கீழ இருக்கற தசைக்கு ரத்தம் எவ்வளவு போகுதுன்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். ரொம்பக் குறைவு என்றால் பைபாஸ் வரை போகலாம். பரவாயில்லை என்றால் மாத்திரை போதும். இனி வரும் வருடங்கள் எப்படி இருக்கும் என்பதையும் அந்தப் படம் ஓரளவு சொல்லிவிடுமாம். அதற்குத்தான் பெர்ஃப்யூஷன் ஸ்கேன்.

அன்றே என் மனைவி ஜெயந்தி சமையலறையில் ஊரடங்கு உத்தரவு போட்டுவிட்டாள். நெய் உள்ளே வரக் கூடாது. தோசைக்கல் பரணுக்குப் போய்விட்டது.

நானோ மெடிக்கல் கிளைம் ஃபைல்களைப் படித்தே ரிடையர் ஆனவன். எந்த டெஸ்ட்டுக்கு எத்தனை மணி நேரம் பட்டினி என்று டாக்டருக்கே சொல்வேன்!

"ஊசி போட்டப்புறம் கொழுப்பா ஏதாவது சாப்பிடணும். அப்பத்தான் கல்லீரல்ல தேங்கின மருந்து இறங்கும், இதயம் தெளிவாத் தெரியும். மைசூர் பாக் எடுத்து வை" என்றேன்.

"ஹார்ட் டெஸ்ட்டுக்கு மைசூர் பாக்கா? சும்னிரீ... சும்மா இருங்க, யார்கிட்ட கதை விடறீங்க?" கோபம் வந்தால் அவளுக்கு இந்த ஊர்க் கன்னடம் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் காட்டினேன்.

"இது ஒழுங்கா இருக்கறவங்களுக்கு எழுதினது."

டப்பாவில் ஏறியது இரண்டு இட்லி. சட்னிகூடக் கிடையாது.

ஸ்கேன் அன்று டிரெட்மில்லில் நடக்க விட்டு, ஊசி போட்டு, சாப்பிட அனுப்பி, அப்புறம் மெஷினில் படுக்க வைத்தார்கள். டெக்னீஷியன், எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னங்க சார், லிவர் இப்பிடி மின்னுது! என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லிம்மா."

"வெறும் இட்லியுங்களா? கொழுப்பா சாப்பிடோணும்னு சொன்னமில்லீங்க? ஹார்ட்டோட அடிப்பக்கமே தெரிய மாட்டேங்குதுங்க. அம்மா, நெய் போட்டதா ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க."

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நிமிஷம் சிரித்திருந்தால் வேறு காரணத்துக்காக ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும்.

எதிர்க் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்து, தன் கையாலேயே ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். "ஒண்ணு போதுமா?" என்று அந்தப் பெண்ணிடம் சந்தேகம் வேறு.

"இன்னொண்ணும் குடுங்கம்மா, தப்பில்லீங்க."

ஆஸ்பத்திரி அனுமதியோடு இரண்டு மைசூர் பாக் — இப்படியொரு காலை யாருக்கு வாய்க்கும்?

அடுத்த படம் தெளிவாக விழுந்தது.

யோசித்துப் பார்த்தால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இதயம் என்றாலே நமக்குக் 'கூடாது'கள்தான் ஞாபகம் வருகின்றன. பயம் வந்துவிட்டால் அச்சடித்த தாளைக்கூட யார் நம்புகிறார்கள்?

மறுநாள் ஓய்வு நிலையிலும் ஒரு படம் எடுத்த பிறகு, டாக்டர் கூப்பிட்டார். "சின்ன இடத்துலதான் ரத்தம் கம்மி. பம்பிங் சென்னாகிதே, நல்லாவே இருக்கு. பைபாஸ் வேண்டாம் சார், மாத்திரையே போதும்."

ஜெயந்தி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். டாக்டர் பதறிவிட்டார்.

"அம்மா, நல்ல ரிப்போர்ட்தாம்மா!"

"தெரியும் டாக்டர். கெட்டதா வந்தா இவர் முன்னால அழக் கூடாதுன்னு இருந்தேன். நல்லதுதானே... அழலாமில்ல?"

மேஜை மேலிருந்த டிஷ்யூ டப்பாவை டாக்டர் மெதுவாகத் தள்ளினார். அவள் பக்கம் இல்லை... என் பக்கம்!