ஆவூருக்குப் போன ஜீப்பும் ஒரு தோல் சீலும்

பகல் பதினோரு மணிக்குப் புதுக்கோட்டையை விட்டோம். சமஸ்தானம் போய் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஐப்பசி மழை மட்டும் பழைய அதிகாரத்தோடே பெய்துகொண்டிருந்தது. தரைப்பாலத்தில் வெள்ளம். பஸ் இல்லை. யுத்தத்தில் உழைத்து ஏலத்தில் விலைபோன சின்னையாவின் ஜீப்தான் கிடைத்தது. ஆளுக்கு மூன்று ரூபாய்.

முன்னிருக்கையில் பிலோமினா டீச்சர். முந்தின நாள் ஆவூரில் அவருடைய தகப்பனார் இறந்துவிட்டார். மாலை நான்கு மணிக்கு அடக்கம். பெட்டியை மூடுமுன் முகம் பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். எங்கும் கால் தரிக்காத நான் விராலிமலை மயில்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். அதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இலுப்பூர் பதினெட்டு மைல். ஊருக்கு முன்னால் கண்மாய்க்கரை இறக்கத்தில் சின்னையா பிரேக்கை மிதித்தார். ஜீப் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கருவேலம் புதரில்தான் நின்றது. பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்திருந்தது. அச்சுக்குள் இருக்கும் எண்ணெயைச் சக்கரத்துக்கு வரவிடாமல் தடுக்கும் சிறு வளையம்தான் சீல். அது விட்டால் பிரேக் கட்டை நனையும். நனைந்த கட்டை பிடிக்காது.

“ராவுத்தரு மறுபடியும் ஏமாத்திப்புட்டாரு” என்று பல்லைக் கடித்தார் சின்னையா. ஆயுதபூஜைக்குப் பிறகு போட்ட இரண்டாவது சீலாம் அது.

ஊர்ந்துபோய் இலுப்பூரில் ராவுத்தரின் மோட்டார் சாமான் கடையில் நிறுத்தினோம்.

“வாங்க மாப்ளே! சீலை வண்டிக்குத்தான் போடுறீங்களா, சோத்துல பெசஞ்சு திங்கிறீங்களா?”

“நீங்க குடுக்கிற சரக்கு அப்பிடி.”

ராவுத்தர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ரப்பர், உடனே மாட்டலாம். ஆனால் சீல் உட்காரும் அச்சுக் கழுத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ரப்பர் அதில் கிழிந்துவிடும். மற்றது தோல், பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். காய்ந்தபடி போட்டால் கருகிவிடும். விளக்கெண்ணெயில் ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும்.

“டீச்சருக்கு நேரமில்ல. ரப்பரையே குடுங்க.”

டீச்சர் கேட்டார்: “அங்கிட்டு இறக்கம் இருக்கா?”

“ரெண்டு கண்மாய்க்கரை இருக்குங்க.”

“அப்பத் தோலையே ஊறப் போடுங்க. வீட்டுக்கு ஒரு பெட்டி போதும்.”

தோல் ஊறிக்கொண்டிருந்தது. ஏறியிருந்த எண்ணெய் போகச் சின்னையா பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவிக் கொளுத்தினார். புகைந்து எரிந்து அடங்கின. பிறகு சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்து, அச்சின் மேல் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினார். சுரண்டிய கை நின்றுவிட்டது.

அங்கே ஒரு சிறு துளை. ஓட்டத்தில் அச்சு சூடானால் உள்ளே விரியும் காற்று அதன் வழியே போக வேண்டும். வழியில்லாவிட்டால் எண்ணெயைச் சீல் பக்கமாக நெட்டித் தள்ளும். துளை நிறையச் சந்தனம், மேலே குங்குமம், கல்லாக இறுகிக் கிடந்தது.

“நாந்தான் வச்சேன்” என்றார், அடியிலிருந்தே. “பூசையன்னைக்கு எதுவும் வுட்டுப்போயிரக் கூடாதுன்னு... கண்ணுக்குத் தெரியாத எடத்துக்கும் பொட்டு வச்சேன்.”

ராவுத்தர் சிரிக்கவில்லை. துளையைக் குத்திவிட ஒரு மெல்லிய கம்பியை நீட்டினார்.

ஊறிய தோல் காதுமடல்போல இளகியிருந்தது. அதன் உதடு போன்ற உள்விளிம்பு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வைத்து, மேலே மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் சிறுகச் சிறுகத் தட்டி இறக்கினார் சின்னையா. டீச்சர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மணி மூன்றாகிவிட்டது.

இரண்டு கரை இறக்கத்திலும் பிரேக் பிடித்தது. ஆவூர் மாதா கோயில் கோபுரம் மழைக்குள் தெரிந்தபோது நேரம் நான்கைத் தாண்டியிருந்தது; மணியோசை ஓய்ந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியாகிவிட்டது. மூடியில் ஆணி அறைந்திருந்தது.

“எம்புட்டு நேரம் பாத்தோம், அக்கா” என்றார் டீச்சரின் தம்பி. “குழியில தண்ணி ஏறிக்கிட்டே வந்துச்சு.”

டீச்சர் ஒரு பிடி மண் போட்டார். சின்னையா வாசலருகே கைகளை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“என்னாலதான் டீச்சர். அந்தச் சந்தனம்...”

“வாங்க, நீங்களும் ஒரு பிடி போடுங்க.”

அவர் தேங்கிய நீரில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எண்ணெய்க் கறை போகவில்லை. அந்தக் கையாலேயே போட்டார்.

எனக்கு மயில்கள் மறந்துபோயின. சின்னையாவோடே திரும்பினேன். இலுப்பூரில் ராவுத்தர் கடைப் பலகைகளை அடைத்துக்கொண்டிருந்தார். சின்னையா இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியபடி அவரிடம் போனார். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. முதலில் பேசியவர் சின்னையா. பிறகு இருவருமாக ஒரு பலகையைத் தூக்கி மாட்டினார்கள்.

நான் இறங்கிப் பின்சக்கரத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் சேறு ஒட்டியது. எண்ணெய் இல்லை.