ஆடிப் பட்டினி கிடந்த பேட்டரி

செத்துப்போன லித்தியம் பேட்டரியை உடம்புச் சூட்டாலேயே பிழைக்க வைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். இந்தப் பேச்சு கிருஷ்ணகிரி வரை போயிருக்கிறது. பெங்களூரிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் என்னைத் தேடி வந்து ரகசியம் கேட்டார்கள். சரி, இதில் கொஞ்சம் ஊதல் உண்டு. பேச்சு ஓசூரில் எங்கள் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளைத் தாண்டி டீக்கடை வரைதான் போனது. வந்தவர் ஒரே ஒரு இன்ஜினியர், அவர் கேட்டதும் சிப்காட்டுக்கு வழி. ஆனால் பேட்டரி பிழைத்தது மட்டும் சத்தியம்.

பேட்டரிக்குச் சொந்தக்காரன் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுச் சென்னகிருஷ்ணன். அவனை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவான். லேத் மெஷினில் வேலை பார்த்த காலத்தில் சூப்பர்வைசர் வந்து, "ஏம்பா, மெஷின் நிக்குது, நீ ஓடுற" என்பாராம். தொண்ணூற்றாறில் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்யாண வீடியோ எடுக்கப் போனான். பக்கத்து வீட்டு நல்லுசாமி அதே ஃபேக்டரியில் ஃபிட்டர், சேலத்துக்காரர், நாக்கில் மிளகாய்ப்பொடி. தினமும் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, "என்ன டைரக்டர், உன் பஞ்ச் கார்டு இன்னும் கேட்டுலதான் தொங்குது. எடுத்து வெக்கட்டுமா?" என்று கேட்காமல் வீட்டுக்குள் நுழையமாட்டார்.

முதலில் சென்னகிருஷ்ணன் தோளில் சுமக்கும் பெரிய கேமராவை வாடகைக்கு எடுத்துத் தொழில் கற்றான். அதற்கு நிக்கல் பேட்டரி, செங்கல் மாதிரி இருக்கும். அதில் ஒரு பேய்க்குணம். பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே தன் முழு வயிறு என்று நினைத்துக்கொண்டு, அப்புறம் பாதியிலேயே படுத்துவிடும். அதனால் ஓசூர் வீடியோக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது அல்லவா, ஆடி பிறந்த அன்று எல்லா பேட்டரியையும் சொட்டு விடாமல் தீர்த்து, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஆவணி பிறக்கும்போது எடுத்து முழுதாகச் சார்ஜ் போடுவார்கள். இதற்குப் பெயர் ஆடிப் பட்டினி. இதில் சென்னகிருஷ்ணனை மிஞ்ச ஆளில்லை. கேமரா அணைந்த பிறகும் விடாமல், டார்ச் பல்பை ஒயரில் கட்டி மிச்சத்தையும் உறிஞ்சிவிடுவான்.

தொண்ணூற்றேழில் சொந்தமாகக் கைக்கடக்கமான ஒரு கேமரா வாங்கினான். அதற்கு லித்தியம் பேட்டரி. சோப்புக்கட்டி அளவுதான், ஆனால் ஓடும் நேரம் செங்கலை விட அதிகம். கூடவே வந்தது போதாதென்று இன்னொன்று வாங்கப் பெங்களூர் போனான். நானும் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் கூடப் போனேன். கடைக்காரர் ஒரே அளவில் இரண்டை எடுத்து வைத்தார். விலை குறைந்ததன் மேல்தான் பெரிய எண் அச்சடித்திருந்தது. நானாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். இவன் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக் கத்தரிக்காய் மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"இது லேசா இருக்குது டீச்சரம்மா. உள்ளே சரக்கு இல்லாம எண்ணு மட்டும் எங்கிருந்து வரும்?"

கனமானதையே எடுத்தான். அதையும் கடையிலேயே கேமராவில் மாட்டி, போகிற வருகிறவர்களை எல்லாம் படம் எடுத்துக்கொண்டு நின்றான். கடைக்காரருக்குப் பொறுமை போய், "சாக்கு சார், ஹோகி!" என்று, போதும் போங்கள் எனக் கன்னடத்தில் விரட்டிய பிறகுதான் கிளம்பினோம்.

இவ்வளவு பார்த்து வாங்கியவன் வைத்துக்கொள்வதில் கோட்டை விட்டான். ஆடி பிறந்ததும் இரண்டு லித்தியத்தையும் கூடப் பட்டினி போட்டான். டார்ச் பல்பு வைத்தியமும் உண்டு. பெட்டியில் பூட்டி, "எவரும் கேமராவைத் தொடக்கூடாது" என்று மனைவி நாகம்மாளிடம் சொல்லிவிட்டு, பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில், எடுத்த படத்தை வெட்டி ஒட்டும் மிக்ஸிங் கற்றுக்கொள்ளப் போய்விட்டான். அவளும் புதுப்பெண், ஆடிக்குப் பேரிகை கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆவணி முதல் முகூர்த்தம் நாட்றாம்பாளையத்தில். பெண்ணின் அப்பா கோவிந்தப்பன் என்னிடம் படித்தவன். என் பேச்சை நம்பித்தான் சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டிருந்தான். தாலி கட்டுவது காட்டோரப் பாறைமேல் இருக்கும் பெருமாள் கோயிலில். அங்கே கரண்ட் கிடையாது. ஜெனரேட்டரும் ஏறாத பாதை. பேட்டரிதான் கதி. அந்தப் பக்கத்துச் சனம் அத்தனையும் கூடும் கல்யாணம். இது நன்றாக வந்தால் தை வரை அவனுக்கு ஓய்விருக்காது, கெட்டால் அஞ்செட்டி முதல் ஓசூர் வரை ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். திரும்ப ஃபேக்டரி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

முந்தின நாள் காலை பெட்டியைத் திறந்தால் ஒரு பேட்டரிதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கடீ?"

"பெங்களூர்ல விட்டிருப்பீங்க" என்றாள் நாகம்மாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

போகட்டும் என்று இருந்ததைச் சார்ஜரில் போட்டான். சிவப்பு விளக்கு நிதானமாக எரிவதற்குப் பதிலாகப் படபடவென்று துடித்தது. எடுத்துப் போட்டான், துடித்தது. ஊதிப் போட்டான், துடித்தது. ரப்பரால் முனையைத் தேய்த்துப் போட்டான். பிளக்கை மாற்றி நல்லுசாமி வீட்டில் போட்டான். அங்கேயும் அதே துடிப்பு. கேமராவோடு வந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நான் பிரித்துப் படித்தேன்: இந்தப் பேட்டரிக்கு ஞாபகப் பேய் கிடையாது, பாதியில் சார்ஜ் போடலாம், முழுக்கக் காலியாக நெடுநாள் வைத்தால் சார்ஜ் ஏறாமலே போய்விடும்.

"பட்டினி போடக்கூடாதாமா?"

"போட்டால் இப்படித்தானாம்."

அவன் அப்படியே என் வாசலில் சுற்றத் தொடங்கினான். பெங்களூர் போய்ப் புதிது வாங்கலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கம் பந்த், அத்திப்பள்ளியைத் தாண்டி பஸ் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓசூரில் கடை கடையாக ஏறி இறங்கினான். அந்த அளவு பேட்டரி ஒருவரிடமும் இல்லை. முதல் முகூர்த்தம் என்பதால் மற்ற வீடியோக்காரர்கள் கேமராவை இரவல் தரவும் வழியில்லை. திரும்பி வந்து கிணற்றடிச் சுவரில் பேட்டரியை வெயிலில் வைத்தான். அதையும் வைத்துவிட்டு இருக்கமாட்டாமல் புரட்டிப் புரட்டிப் போட்டான்.

"அப்பளமாடா காயப்போடுற?" என்று நல்லுசாமி வந்தார். "டீச்சரம்மா வீட்டு ஃபிரிட்ஜுல வெச்சுப் பாரு. எங்க ஸ்டோர்ல பேட்டரி எல்லாம் அப்படித்தான் வெப்பாங்க. தேறலைன்னா நாளைக்கே கேட்டுக்கு வந்துடு, நான் சொல்லி வெக்கிறேன்."

அவர் சொன்னது பாதி கேலி, பாதி கரிசனம். சென்னகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தயிருக்கும் புளிக்குழம்புக்கும் நடுவில் அந்தப் பேட்டரி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்ததும் மறுபடி துடிப்புதான்.

விடியற்காலை கல்யாண வீட்டு ஜீப் வந்தது. முன் சீட்டில் சென்னகிருஷ்ணன், பின்னால் நானும் நாகம்மாளும். கோவிந்தப்பனிடம் என்ன சொல்வது என்று கேட்டான். வழி நெடுகக் கேட்டான். தேன்கனிக்கோட்டையில் இறங்கி நடந்தான், அஞ்செட்டியில் இறங்கி நடந்தான். மலை ஏற ஏறக் குளிர் அடித்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. குளிரில் விறைத்துப் போயிருக்கிறது, வெயில் போதவில்லை, மனுஷச் சூடு வேண்டும்! பேட்டரியை வாங்கி முந்தானையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டேன். கண்ணை மூடி, மனதைக் குவித்து, "எழுந்திரு, எழுந்திரு" என்று அதனோடு பேசிக்கொண்டே போனேன். என் உடம்பின் மின்சாரம் அதற்குள் பாய்வது எனக்கே தெரிந்தது. வளையல் கூட லேசாக அதிர்ந்தது.

பாறைமேல் ஏறும்போது மேளம் ஆரம்பித்துவிட்டது. கோவிந்தப்பன் எதிரில் வந்து, "கேமரா எங்க நிக்கும் தம்பி?" என்று கேட்டான். நான் முடிச்சை அவிழ்த்துப் பேட்டரியை அவன் கையில் வைத்தேன். சூடாக இருந்தது. மாட்டினான்.

கேமரா விழித்தது. சின்னக் கண்ணாடியில் பேட்டரிப் படம் முக்கால் வயிறு காட்டியது!

அன்றைக்கு அவன் அதைச் செலவழித்த விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பக்கத்துத் திரையை மூடிவிட்டான், அது நிறையக் குடிக்குமாம். ஒற்றைக் கண்ணை இடுக்கிக் குழல் வழியாகவே பார்த்தான். தேவையில்லாமல் ஜூமைத் தொடவில்லை. எல்லாவற்றையும் விட, தாலி ஏறி முடியும் வரை ஓரிடத்தில் அசையாமல் நின்றான். சென்னகிருஷ்ணன்! அசையாமல்!

அந்த டேப் நாட்றாம்பாளையத்தில் வீடு வீடாகப் போனது. இப்போது அவனுக்கு பாகலூர் ரோட்டில் சொந்தக் கடை. சென்ற மாதம் நல்லுசாமி வீட்டு வளைகாப்பையும் அவன்தான் எடுத்தான். பஞ்ச் கார்டு பேச்சு நின்றுவிட்டது. ஆடி வந்தால் பேட்டரிக்குப் பட்டினி இல்லை. பாதி வயிறு சார்ஜ் ஏற்றி, குளிர்ச்சியான மூலையில் வைத்து, நடுவில் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறான். மலைக்குப் போனால் மட்டும் என் வைத்தியம்: வேட்டி மடிப்பில் பேட்டரி.

இதை எழுதி முடித்து நாகம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சென்னகிருஷ்ணன் கடையில் இருந்தான். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டீச்சரம்மா, நீங்க ஒண்ணும் அதோட பேசலை. மடியில செருகின கையோட தூங்கிட்டீங்க, குறட்டை வேற. அந்த ஆடிக்கு நான் கேமராவைத் துணிமூட்டையில சுத்திப் பேரிகைக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அவரு பட்டினி போட்ட மறுநாளே ஒரு பேட்டரியை அங்க சார்ஜ் போட்டு, மாரியம்மன் பண்டிகை, எங்கம்மா, எங்க ஆடு எல்லாத்தையும் எடுத்தேன். அதை வெளிய எடுத்துக் குடுத்தா எப்படி சார்ஜ் வந்துச்சுன்னு கேப்பாருல்ல? அதான் ஜீப்புல உங்க முடிச்சை அவுத்து, செத்ததை எடுத்துட்டு இதை வெச்சேன். செத்தது இன்னும் எங்க அரிசி டப்பாவுலதான் கெடக்குது. வேணும்னா எடுத்தாறேன், மறுபடி மடியில வெச்சு எழுப்பிக் காட்டுங்க."