குளிக்கிற பாம்

எனக்கு வாய் ஜாஸ்தி. கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீல்களே என்னிடம் வாய் கொடுக்க யோசிப்பார்கள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த வாய் அடைத்துப்போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

2008 டிசம்பர், அரையாண்டு லீவு. சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனார் என் மகளுக்கு ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பாத் பாமாம். வெந்நீர் பக்கெட்டில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்துக் கரைந்தது. குளியலறை முழுக்க ரோஜா வாசனை. என் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும், இரண்டுக்கும் எட்டு வயது, இன்னொன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நாமே செய்தால் போச்சு என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்பசோடா, எலுமிச்சை உப்பு, சோளமாவு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ரோஸ் எசென்ஸ். முதல் தடவை, புட்டு மாவுக்குத் தெளிப்பதுபோலத் தண்ணீரைத் தெளித்துவிட்டேன். பாத்திரத்திலேயே பொங்கி எல்லாம் பாழ். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி எண்ணெய் மட்டும் விட்டுப் பிசைந்து, லட்டு பிடிப்பதுபோல் பிடித்து வைத்தோம். மழை ஈரத்தில் காய மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் "எங்க பாம் காயுது, எங்க பாம் காயுது" என்று இரண்டும் தெருவெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தன.

அந்தப் பெண்ணின் வீட்டார் லால்பேட்டையிலிருந்து குடிவந்தவர்கள். அப்பாவுக்குச் சவுதியில் வேலை. அம்மா என்னை அக்கா என்பாள். அதனால் அவள் மகளுக்கு நான் பெரிம்மா. மூன்றாம் நாள் மதில் ஓரமாக வந்து நின்றாள்.

"அக்கா, அதுக்கு வேற பேரு எதுவும் இல்லியா?"

"பாத் பாம்னுதான் பேரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வெளியில சொல்லிட்டுத் திரியுதுங்க. அதான்."

டிவியைப் போட்டாலே குண்டும் துப்பாக்கியுமாக இருந்த மாதம் அது. பஸ் ஸ்டாண்டில் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உறைக்கவில்லை. "சின்னப் புள்ளைங்க சொன்னா யாரு என்னா பண்ணிடப் போறாங்க?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு பஸ்ஸில் கிளம்பினேன். ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்கு நாலு உருண்டை. "பத்திரமா கூட்டிட்டு வாங்கக்கா" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். நான் ஒரு முறைதான் தலையாட்டினேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் முன் சீட்டுக்காரர் திரும்பினார்.

"டப்பாவுல என்னா பாப்பா?"

"பாம்" என்றாள் என் மகள். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அடேங்கப்பா, யாருக்கு வைக்கப் போற?"

"உன் டப்பாவுல?" என்று அடுத்தவளைக் கேட்டார்.

"எனக்கும் பாம்தான்." மறுபடி சிரிப்பு.

"உங்கப்பா என்னா பண்றாரு?"

"அத்தா சவுதியில இருக்காங்க."

அத்தா என்ற சொல்லோடு சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா என்று சொல்லியிருந்தால் அடுத்த ஊர் வரை சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"உங்க புள்ளையாம்மா?"

"இல்லீங்க. பக்கத்து வீட்டுப் புள்ள."

கேட்டதற்குச் சொன்ன பதில், பொய்யில்லை. ஆனால் எவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். சொல்லும்போது என் கை என் மகளைத்தான் இழுத்து அணைத்தது.

கண்டக்டர் வந்து அந்தப் பெண்ணின் டப்பாவைத் திறந்து பார்த்தார். "குளிக்கிறதுக்குங்க, ஆப்பசோடாதான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எதுக்கு வம்பு" என்று விசில் அடித்தார். புதுச்சத்திரத்தில் இறங்கி, டப்பாவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் சாலையோரம் வைத்துவிட்டு வந்தார். என் மகளின் டப்பாவை யாரும் கேட்கவில்லை. அது அவள் மடியிலேயே இருந்தது.

"பெரிம்மா, டப்பா? அம்மா தேடுவாங்க."

"வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்து அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "டப்பாதானக்கா, போனா போவுது" என்று மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"டப்பாவுல என்னா?"

"சோப்பு."

"எங்க வாங்குனது?"

"கடையில."

"அத்தா எங்க இருக்காங்கன்னு கேட்டா?"

"அத்தா வெளியூர்ல..."

"அத்தா இல்ல. வெளியில அப்பான்னு சொல்லு. மொதல்லேருந்து."

என் மகளுக்கு நான் இப்படி எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மிச்சம் வைத்திருந்த ஓர் உருண்டையைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, "அம்மா, பாம் வெடிக்குது! பாம் வெடிக்குது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.