சொன்னபடி கேட்காத கனவு

என் வீட்டுக்காரருக்கு ஒன்பது விரல். பத்தாவது விரல் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினோடு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இவர் தாளை அடுக்கிக்கொண்டிருந்தாராம். கூட வேலை பார்த்த என் தம்பி, இவர் சொல்வதற்கு முன்பே சுவிட்சை அமுக்கிவிட்டானாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி முதலாளியிடமும் என்னிடமும் இவர் சொன்னது அதுதான். தம்பிக்கு வேலை போனது. "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று நானும் சொல்லிவிட்டேன். அவன் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. எனக்குப் பிடிவாதம் வந்தால் வந்ததுதான்.

விரலை வாங்கிய பிறகும் மெஷின் இவரை விடவில்லை. கண்ணை மூடினால் கனவில் வந்து நிற்கும், அலறிக்கொண்டு எழுவார். போன வருஷம் போனில் எதையோ பார்த்துவிட்டு, கனவைத் தன் இஷ்டத்துக்கு நடத்தப் போகிறேன் என்று கிளம்பினார். இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிட்டால் போதுமாம், அப்புறம் நாம் வைத்ததுதான் சட்டமாம். அதற்கு நாள் முழுக்க விரலை எண்ணிப் பழக வேண்டும். கனவில் எண்ணினால் கணக்குத் தப்புமாம்.

"உங்களுக்கு முழிச்சிருக்கும்போதே கணக்கு இடிக்குதே" என்றேன். சிரித்தார். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் என்று எண்ணிக்கொண்டே இருந்தார். மனுஷன் விடாக்கண்டன், மூன்றே மாதத்தில் பிடித்துவிட்டார். கனவில் பறந்தார், மெஷினை நிறுத்தினார். அலறல் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

போன ஞாயிறு மதியம் தூங்கி எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் நடக்க மாட்டேங்குது" என்றார். "கட்டடத்தையே தூக்குறேன். மச்சானை மட்டும் சுவிட்ச அமுக்க வைக்க முடியல. எத்தனை தடவ சொன்னாலும் கையக் கட்டிட்டு நிக்கிறான்."

"அவனை எதுக்கு அமுக்க வைக்கணும்?"

"ஒரு தடவ அவன் அமுக்குறதக் கண்ணால பாத்துட்டா, எனக்கே நம்பிக்கை வந்துடும்னு நெனச்சேன்."

குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

"அப்ப அமுக்குனது யாரு?"

"நான்தான். அவசரத்துல கை பட்டுடுச்சு. தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அன்னைக்கே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வரவில்லை. பதினோரு வருஷம் ஒரே கூரைக்குள் இருந்துவிட்டு, இவர் யார் என்றே ஒரு நிமிஷம் விளங்கவில்லை. வேலை போன புதிதில் தம்பி ஒரு முறை வந்து, "அக்கா, நான் சொல்றதையும் கேளு" என்று வாசலில் நின்றான். நான் கதவைச் சாத்தினேன். நீயா அமுக்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் சொன்னது இவர். நம்பியது நான்தானே.

சித்தி மகளிடம் தம்பியின் நம்பரை வாங்கிப் போட்டேன். எடுத்தான்.

"நான்தாண்டா" என்றேன்.

"யாருங்க பேசுறது?" என்று கேட்டான்.

என் தம்பி என்னிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.