பஸ்ஸில் என் போனை வாங்கிய நர்ஸம்மா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த சமயம். சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்புவது என் வேலை. லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தியே வளர்ந்த குரல் என்னுடையது. நான் வீட்டில் காபி கேட்டால் அடுத்த தெருவில் பால் காய்ச்சுவார்கள் என்று என் மனைவி சொல்வாள்.

அந்தக் குரல் தீபாவளி சீசனில் கம்மியது, திரும்பவே இல்லை. மிளகுப் பால், சித்தரத்தை, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதால் நானும் சும்மா இருந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் ரொம்ப நிம்மதியாக இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது ஒரு லாரி டிரைவர் போன் செய்தார். வழி தவறி திருத்தங்கலில் நிற்கிறாராம். நான் வழி சொல்லச் சொல்ல, அவர் "அலோ, அலோ" என்றே கத்துகிறார். பஸ் இரைச்சலில் என் காற்றுக் குரல் எங்கே எடுபடும்? முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். "வண்டி எங்கன வரணும்?" என்று கேட்டு, நான் ஊரைச் சொன்னதும் என் போனை வாங்கினார்.

"தம்பி, வண்டியத் திருப்பி விஸ்வநத்தம் வாங்க! அங்கன கேட்டா கம்பெனியக் காட்டுவாக!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நன்றி சொல்லிக் கை நீட்டினேன். போன் வரவில்லை.

"எம்புட்டு நாளா தொண்டை இப்படி இருக்கு?"

"சீசன்ல கத்துனதும்மா..."

"எந்த சீசன்? பொங்கக் கரும்பே தின்னு முடிச்சாச்சு. பீடியா, சிகரெட்டா?"

புகைப்பீர்களா என்றுகூடக் கேட்கவில்லை பாருங்கள். "ரெண்டும்" என்றேன்.

"நான் நர்ஸு. குரல் கம்மி மூணு வாரத்துக்கு மேல போச்சுன்னா தொண்டை டாக்டர்ட்ட காட்டியே ஆகணும். ஆறாத வாய்ப்புண்ணு, முழுங்கயில அடைப்பு, கழுத்துல கட்டி, எதுன்னாலும் அப்படித்தான். வலிக்கலன்னு உக்காந்திருக்கக் கூடாது."

பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். அந்த மாதிரித் தலையாட்டலை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. என் போனில் 'வீடு' என்றிருந்த நம்பரை அழுத்திவிட்டார். என் மனைவியிடம் முழுக் கதையும் போனது. "ஒண்ணுமில்ல, வச்சிருங்க" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, இனி தப்பிக்க முடியாது" என்றார்.

முடியவில்லைதான். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே என் மனைவி. அந்த அம்மா என்னை அவளிடம் லோடு ஒப்படைப்பது போல ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாளில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். "நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. வெளியே வந்து எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னோம். இரண்டும் ஆறிப்போயின. மனைவி சொன்னாள்.

"நீங்க சத்தம் போடாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லங்க."

மதுரைக்குத் தினமும் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டேன். முகத்தில் வலை போல ஒரு முகமூடி மாட்டி, அசையாமல் படுக்க வைப்பார்கள். போகப் போகத் தொண்டை ரணமாகி, எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வரும். எடை குறையக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மனைவி சோறு, பருப்பு, முட்டை எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்துக் கொடுத்தாள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் போய், "அவருக்குப் பீடி குடுத்தா கடை முன்னால உக்காந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பார்க்க வந்தவர்கள் தனிக் கதை. என் பெரியப்பா மகன் வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்தார். "யாருக்கு என்ன சொல்லணுமோ சொல்லிருய்யா!" போய்த் தொலை என்று கையைக் காட்டினேன். மனைவி மொழிபெயர்த்தாள்: "காபி குடிச்சுட்டுத்தான் போகணுமாம்." மனிதர் இரவுச் சாப்பாடு வரை இருந்தார். அவர் கொண்டுவந்த பச்சிலை உருண்டையை, "டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தாரேன்" என்று வாங்கி வைத்தாள். டாக்டர் வேண்டாம் என்றதும் குப்பைக்குப் போனது.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில், கொஞ்சம் கரகரப்போடு குரல் வந்தது. ஒருநாள் காலை குளித்துவிட்டு, "துண்டு எங்க?" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கேக்கலையா?"

"மொதத் தடவையே கேட்டுச்சு. இன்னொருக்கக் கத்தட்டும்னுதான் நின்னேன்."

கண்ணைத் துடைக்க அந்தத் துண்டையே எடுத்துக்கொண்டாள். நான் நனைந்தபடி நின்றேன்.

செக்கப்புக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த நர்ஸம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் யாருக்காவது குரல் கம்மியிருந்தால், எத்தனை நாளாக என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. உனக்கெதுக்கு வேண்டாத வேலை என்று சிலர் முறைப்பார்கள். யாரோ ஒருவர் அந்த வேண்டாத வேலையைப் பார்த்ததால்தான் நான் இன்றைக்கும் கத்திக்கொண்டிருக்கிறேன்.