ரசிகையாம் ரசிகை!

பேருந்து ஓட்டுநரான அந்த அம்மாளின் பட்டப்பெயர் இடி. இளவயதில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் காலத்து ராக் கூட்டத்துக்கென்று சலவைக்கடை மாடியில், இரண்டே அறைகளில் ஓர் அருங்காட்சியகம் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு மகளுடன் போனார்.

கிழிந்த தோல் சட்டைகள், உடைந்த கிதார்களோடு யாரோ ஒரு பாடகரின் பல்செட் கூடக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. சிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு புகைப்படத்தின் முன் நின்றுவிட்டார். படத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவரேதான். கீழே, 'டிரம்ஸ் அருகே ஒரு ரசிகை' என்று எழுதியிருந்தது.

"யாருய்யா இப்படி எழுதினது?"

அருங்காட்சியகக்காரர் பதறினார். "அந்தக் குழுவோட பாடகர் சொன்னதுதாங்க."

பாடகர் வேறு யாருமில்லை, இடியின் சொந்தத் தம்பி. இடி அங்கேயே அவனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஏன்டா, நான் ரசிகையா? கை கொப்பளிக்கக் கொப்பளிக்க வாசிச்சது யாரு?"

"அக்கா, வீட்டுப் பொண்ணு மேடையேறினது வெளிய தெரியக் கூடாதுன்னு அப்பா சொன்னாருல்ல?"

"அப்பாவே போய்ச் சேந்துட்டாரு. அவருக்கு இன்னும் எதுக்குடா ஜால்ரா போடுற? வாசிச்சது யாருன்னு இவர்கிட்ட சொல்லு!"

"அக்காதாங்க வாசிச்சாங்க," என்றான் தம்பி.

அருங்காட்சியகக்காரர் அட்டையைக் கழற்றினார். "நாளைக்கே மாத்திடுறேம்மா."

"நாளைக்கு எதுக்கு? பேனா இருக்குல்ல?"

அவர் எழுதி மாட்டும் வரை இடி நகரவில்லை. படியிறங்கும்போது தம்பி திரும்ப அழைத்தான். அவர் எடுக்கவில்லை.

"கொஞ்ச நாள் தவிக்கட்டும்," என்றார் மகளிடம்.